கொக்கு காட்டிய அப்பா

என் ஆபீசில் வேலை செய்கிறவர்கள் போன மாதம் எங்கள் ஊர்ப்பக்கத்து மலை ஏரிக்குப் போய்விட்டு வந்தார்கள். ஏரியை ஒரு முழுச் சுற்று நடந்தார்களாம். அதற்கென்று ஒரு ஷூ, முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்வரைக்கும் ஒரு குழாய். "நீங்க கேஜிஎஃப்தானே, அந்த ஏரி பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வாய்க்கு வந்த பொய். பத்து வயதில் அந்த ஏரியை எத்தனை ஞாயிற்றுக்கிழமை சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. அதைச் சொன்னால் மேலே கேட்பார்கள். மேலே சொல்லப்போனால் எனக்கு எரிச்சல் வரும். யார்மேல் எரிச்சல் என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்தில் எங்களுடையது லைன் வீடு. ஒரே கூரை, வரிசையாக வீடுகள், நடுவில் பேருக்கு ஒரு சுவர். அப்பா சுரங்கத்தில் பாறையில் துளை போடும் வேலை செய்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு சும்மா இருந்தார். சும்மா இருந்தவர் ஒருநாள் திடீரென்று, "வா, ஏரியச் சுத்திட்டு வரலாம்" என்றார். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்கு விளங்கவில்லை. கடைக்குப் போய் ஐந்து நிமிஷம் தாமதித்தால் கத்துகிறவள், விடிவதற்குள் எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

ஆண்டர்சன்பேட்டையில் பஸ் பிடித்து, மலையடியில் இறங்கி, ஏற வேண்டும். மேலே போனால் நாலு பக்கமும் பாறை, நடுவில் ஏரி. கரையோரப் பாதை ஏறும், இறங்கும். மறுபடி ஏறும். ஒரு சுற்று முடிய பொழுது சாய்ந்துவிடும்.

அப்பா சுரங்கத்து பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடப்பார். கொஞ்ச தூரம் போனதும் நிற்பார். "அதோ பாரு, கொக்கு" என்பார். பார்த்தால் கொக்கு இருக்கும். சில நேரம் இருக்காது. சில நேரம் அது காக்காயாக இருக்கும். அவருக்கு எல்லாம் கொக்குதான். அத்தனை வருஷம் பூமிக்கு அடியில் கிடந்த மனுஷனுக்குப் பறவை பேரெல்லாம் எங்கே தெரியும்? ஒரு கொக்கை வெகுநேரம் பார்ப்போம். அது பறந்துபோன பிறகும் பார்ப்போம்.

"போலாம்பா" என்று கையைப் பிடித்து இழுப்பேன்.

"இருடி. திரும்ப வருதா பாக்கலாம்."

எனக்குக் கோபம் கோபமாக வரும். கொக்கில் அப்படி இன்னா கீது?

பாதை ஏறுகிற இடத்தில்தான் கொக்கு அதிகம். இறங்குகிற இடத்தில் கொக்கே கிடையாது. இதையும் நான் கவனித்தேன். கவனித்து, கொக்குக்கு மேடுதான் பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன்.

அப்பா இருமவில்லையா என்றால், இருமினார். அதை நான் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் லைனில் எல்லா அப்பாவும் இருமுவார்கள். காலையில் முதல் வீட்டில் ஆரம்பித்தால் வரிசையாகக் கடைசி வீடுவரை போகும். முகத்தைப் பார்க்காமலே, இருமலை வைத்து யார் வருகிறார் என்று சொல்லிவிடுவோம். தபால் ஆபீசில் வேலை செய்கிற ஒருவர் மட்டும் இருமமாட்டார். அவர் மகளிடம், "உங்கப்பாக்கு இருமவே தெரியாதாடி?" என்று கேட்டு அவளை அழவிட்டிருக்கிறேன். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இறங்கி வேலை செய்த ஆம்பிளைக்கு மீசை மாதிரி இருமல் என்று நினைத்திருந்தோம்.

சித்தப்பா இருமமாட்டார். அப்பாவின் தம்பி. சுரங்கத்தில் ஒருநாளும் இறங்காதவர். பெங்களூரில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். அங்கே அப்பாவுக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார். வீட்டில் அப்போது பேச்செல்லாம் அதுதான். பதினாலு மாடி, படியேறிப் படியேறிச் சுற்றி வரவேண்டும். கிடைத்தால் அங்கேயே தங்க ரூம், எனக்கு அங்கேயே பள்ளிக்கூடம். கிடைக்காவிட்டால் அம்மா விடிகாலை ரயிலில் பெங்களூர் போய் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவ வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த வேலைக்கும் இந்த ஏரிக்கும் சம்பந்தம் இருக்கும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் எங்களோடு வந்தார். "அண்ணன் வாராவாரம் மலை ஏறுதாமே, நானும் பாக்குறேன்" என்று சிரித்தார். அப்பா அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். மலை ஏறுவதற்கு இஸ்திரி எதற்கு என்று கேட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஏரிக்கரைக்கு வந்ததும் அப்பா விறுவிறுவென்று நடந்தார். முதல் மேட்டில் வழக்கமாக நிற்கிற வழுக்குப் பாறை வந்தது. நிற்கவில்லை.

"அப்பா, கொக்கு பாக்கலியா?"

திரும்பவில்லை. அடுத்த மேட்டில் ஆலமரம். அங்கேயும் நிற்கவில்லை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நல்ல இடமெல்லாம் விட்டுவிட்டுப் போகிறாரே என்று சித்தப்பாவிடம் முறையிட்டேன்.

"எப்பவும் இங்க நிப்போம் சித்தப்பா. அந்தப் பாறையில நிப்போம். இன்னும் மேல போனா ஒவ்வொரு மேட்டுலயும் நிப்போம்."

"நின்னு?"

"கொக்கு பாப்போம். ரொம்ப நேரம்."

சித்தப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார். அதற்குள் முன்னால் போன அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கையைக் காட்டி, நீங்கள் இருங்கள் என்பதுபோல ஆட்டிவிட்டு ஒரு பாறைக்குப் பின்னால் போனார். இருமல் நிற்கவில்லை. மலையில் மோதித் திரும்பி வந்தது. சித்தப்பா முகம் போன போக்கைப் பார்த்து, இவருக்கு இருமலைப் பற்றித் தெரியாது, பாவம், நாம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"எங்க லைன்லயே அப்பா இருமல்தான் பெருசு சித்தப்பா. முதல் வீட்டுக்கும் கேக்கும், கடைசி வீட்டுக்கும் கேக்கும்."

"தூங்குறப்பவுமா?"

"விடிய விடிய!" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எச்சி புரை ஏறிடுச்சுடா. வா, போலாம். இன்னும் முக்காச் சுத்து கீது."

"போதும்ணா," என்றார் சித்தப்பா. "இங்கயே உக்காந்து சாப்புடலாம்."

"இல்லடா, நான் நடப்பேன்."

"நடப்பண்ணா. யாரு இல்லைன்னாங்க? எனக்குத்தான் கால் வலிக்குது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்து, "இவ்ளோதானா? ஷூ போட்டுக்கினு வந்து கால் வலிக்குதா?" என்று கிண்டல் செய்தேன். அம்மா சோற்றோடு வைத்திருந்த முட்டையில் சித்தப்பா தன் பங்கையும் எனக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு முட்டை கிடைத்த சந்தோஷத்தில் தின்றேன். அவர்கள் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்பா அன்றைக்குப் புளிச்சோற்றைத் தொடவில்லை.

அடுத்த வாரம் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். அம்மா அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கூடப் பிறந்தவனா இவன் என்றாள். திங்கட்கிழமையே ரயிலில் போக ஆரம்பித்தாள். நானும் சித்தப்பாவைத் திட்டினேன். முட்டை தின்ற வாயாலேயே திட்டினேன்.

அந்தப் பாறைக்குப் பின்னால் இருந்த அப்பாவுக்கு நான் பேசியது கேட்டிருக்குமா? எனக்குத் தெரியாது. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு அடி அடித்திருந்தாலாவது ஏதோ செய்துவிட்டோம் என்று புரிந்திருக்கும். முன்னாலேயே, "சித்தப்பா வந்தா வாயத் தொறக்காத" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். பத்து வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்ல வெட்கமா, இல்லை, சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லையா? சித்தப்பா கெடுத்தாரா, காப்பாற்றினாரா என்பதும் தெரியாது. அந்தப் பதினாலு மாடியில் அப்பா எத்தனை நாள் தாங்கியிருப்பார் என்று சில நேரம் யோசிப்பேன். யோசித்து, கோபம் வந்து, விட்டுவிடுவேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா பூட்ஸை மாட்டினார். வேலைதான் இல்லையே, இனி எதற்கு நடந்தார்? அதுவும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூடவே போனேன்.

வழுக்குப் பாறை வந்தது. அப்பா நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். எதையும் காட்டவில்லை.

"இன்னாப்பா, இன்னிக்குக் கொக்கு இல்லியா?"

"இல்லம்மா."

நான் ஏரியைப் பார்த்தேன். கரையோரத்தில் வெள்ளை வெளேரென்று ஏழெட்டு நின்றிருந்தன. அவ்வளவு கொக்கை ஒரே இடத்தில் நாங்கள் பார்த்ததே இல்லை. "அதோ பாருப்பா, அதோ!" என்று கை நீட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலமரத்தடியிலும் அப்படித்தான். அதற்கு அடுத்த மேட்டிலும் அப்படித்தான்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பாக்குக் கண்ணு போயிடுச்சும்மா. இவ்ளோ கொக்கு கீது, ஒண்ணுகூட தெரியல அதுக்கு. கண்ணாடி வாங்கிக் குடு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றார். "கொஞ்சம் மங்கலாத்தான் கீது."

சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.