முருகனுக்குப் போட்ட சிவப்பு பல்ப்

முருகன் அடியார்களுக்கு முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்கள் கார் நின்றுபோனதற்கு லண்டன் குளிர் மட்டும் காரணமில்லை. நானும் காரணம். அதிலும் என் பக்திதான் காரணம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு அவன் செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பொய்ச் சாட்சியாகிவிடும்.

என் மனைவி யோகத்துக்கு எண்பத்தெட்டாம் ஆண்டு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு கப் தண்ணீர்தான் குடிக்கலாம். மூன்றாவது கப் குடித்தால் நெஞ்சு வரை நீர் ஏறும். கோடையில் அவள் ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, அது கரைகிற வரைக்கும் பேசாமல் இருப்பாள். எதிரே இருந்து தேநீர் குடிக்க எனக்கு மனம் வராது. சமையலறைக்குள் போய் நின்று குடித்துவிட்டு வருவேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருந்தோம். இரண்டரை வருடமாகக் காத்திருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் நிற்பேன். "அவளுக்கு ஒரு வழி காட்டு" என்று மட்டும் கேட்பேன். சிறுநீரகம் தா என்று கேட்க வாய் கூசும். எங்களுக்கு அது கிடைப்பதென்றால் வேறொரு வீட்டில் செத்த வீடு நடக்கவேண்டும் அல்லவா?

ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதற்காகவே ஒரு பழைய கார் வாங்கினேன். வாங்கிய கிழமையே முன்பக்கத்தில் முருகன் படம் ஒட்டி, அதற்குமேல் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் பொருத்தினேன். கோயில் மூலஸ்தானத்தில் தூண்டாமணி விளக்கு அணையாமல் எரிகிறதல்லவா? அதேபோல இதுவும் இரவு பகல் எரியவேண்டும் என்று எனக்கு ஆசை. சாவியை எடுத்தாலும் அணையாதபடி காரின் பற்றறியிலிருந்து நேரே வயர் இழுத்தேன். ஒரு சுவிட்ச்கூட வைக்கவில்லை. சாமி விளக்குக்கு என்ன சுவிட்ச் என்பது என் எண்ணம்.

இல்ஃபோர்ட்டில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் டொரீன் என்று ஒரு பெண் இருந்தார். பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர், பஸ் ஓட்டுபவர். அந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் என்னை மறித்து, "மிஸ்டர் நாதன், உங்கள் காரில் லைட் எரிகிறது" என்றார். "யெஸ், ஆல்வேஸ்" என்று பெருமையோடு சொன்னேன். அடுத்த கிழமையும் சொன்னார். அதற்கும் "ஆல்வேஸ்" என்றேன். மூன்றாம் முறை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கார்க் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்குள் செருகியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் சாமி விளக்கு எரிவது இவளுக்கு ஏன் பொறுக்கவில்லை என்று யோகத்திடம் கேட்டேன்.

"அவ நல்லதுக்குத்தான் சொல்லுறா. ஒருக்கா என்னெண்டு கேளுங்கோவன்" என்றாள் யோகம். நான் கேட்கவில்லை. தாளைக் கசக்கிக் காரின் அஷ்ட்ரேக்குள் போட்டேன். டொரீனோடு பேச்சையும் நிறுத்தினேன்.

மார்கழி பிறந்ததும் கார் காலையில் இழுக்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் கிழட்டு ஆடுபோல முனகிவிட்டுத்தான் கிளம்பும். பற்றறிக்கு வயது போய்விட்டது, குளிரில் அதன் பலம் பாதியாகக் குறையும் என்று தெரிந்தவன் நினைத்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கண்ணூறு. டொரீனுடைய கண் என்றே முடிவுகட்டினேன். கண்ணூறு கழிய நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தேசிக்காய், எலுமிச்சை, வைத்து நசித்தேன். அவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லாய்ப் பார்க்கட்டும் என்று விட்டேன்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பெப்ரவரி பனியை அப்போது இங்கே இருந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வியாழக்கிழமை கொட்டத் தொடங்கியது. புதன்கிழமை நிறுத்திய கார் பனிக்குள் புதைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வந்து யோகத்தை ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விட்டது. காருக்குள் சிவப்பு பல்ப் மட்டும் எரிந்துகொண்டேயிருந்தது. பனிக்குள்ளால் அதன் ஒளி தெரிந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக் கும்பிட்டேன். என்ன மடையன் நான்!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி. ஒரு சிறுநீரகம் வந்திருக்கிறது, பதினொரு மணிக்குள் யோகம் அங்கே நிற்கவேண்டும், பிந்தினால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். வர வாகனம் இருக்கிறதா என்று கேட்டார்கள். "கார் இருக்கிறது" என்றேன். அந்த நேரத்திலும் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

யோகம் உடுப்பு மாற்றினாள். நான் மண் அள்ளும் சவளால் பனியைத் தள்ளிக் கதவைத் திறந்தேன். முருகன் படம் இருட்டாக இருந்தது. பல்ப் அணைந்திருந்தது.  சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். அந்த டிக்கும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். வண்டி அனுப்பப் பார்க்கிறோம், ஆனால் இந்தப் பனியில் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது என்றார்கள். பக்கத்திலிருந்த மினிகாப் வாடகைக் கார் கந்தோர்கள் இரண்டும் தொலைபேசியை எடுக்கவே இல்லை. ரயில் ஓடவில்லை. ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் நண்பனைக் கூப்பிட்டேன்; அவன் கார் அவனுடைய தெரு முனையிலேயே வழுக்கிக் குறுக்கே நின்றுவிட்டது. எட்டு ஐம்பது ஆகிவிட்டது. யோகம் கோட்டும் தொப்பியும் போட்டு மாடிப்படியில் இருந்தாள். அழவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

வெளியே போய்க் காரின் மேல் கையை வைத்து, வாய்விட்டுக் கத்தினேன். "முருகா, இரண்டரை வருஷம் கேட்டன். தந்திட்டு இப்பிடிப் பறிக்கிறியே! ஆரையாவது அனுப்பு. உன்ர காலிலை விழுறன், ஆரையாவது அனுப்பு!"

ஒருவரும் வரவில்லை. தெரு வெள்ளையாகக் கிடந்தது. ஆனால் பக்கத்து வீட்டுச் சமையலறையில் வெளிச்சம் எரிந்தது. எனக்கு அந்த வீட்டை விட்டால் வேறு வீடு தெரியவில்லை. அந்தப் படியில் ஏறினேன்.  எந்தக் கண்ணுக்குத் தேசிக்காய் வைத்தேனோ, அந்தக் கண்ணின் முன்னால் போய் நிற்கவேண்டும்.

கதவைத் திறந்தார். தலையில் மயிர் சுருளச் சுற்றும் சுருட்டுக் கட்டைகள். என் உடைந்த ஆங்கிலத்தில் கிட்னி, பதினொரு மணி, கார் செத்துப்போச்சு என்று சொன்னேன். அவர் தேசிக்காயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உள்ளே வந்து இதைத் தூக்குங்கள்" என்றார்.

அவருடைய வீட்டு நடையில், பழைய பத்திரிகைத் தாள் விரித்து, அதன்மேல் ஒரு பற்றறி இருந்தது. அவருடைய கார் இரண்டு கிழமைக்கு முன் விபத்தில் நொறுங்கி, உடைத்து விற்பவன் கொண்டுபோய்விட்டான். கொடுக்கும் முன் பற்றறியை மட்டும் கழற்றி வைத்திருந்தார். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதை ஏன் சும்மா கொடுப்பது என்று. வெளியே வைத்தால் குளிரில் இறங்கிவிடும் என்று வீட்டுக்குள், சூடான இடத்தில் வைத்து, சார்ஜரில் ஏற்றியும் வைத்திருந்தார்.

ஒன்பது ஐந்து. என் காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்தோம். என் பற்றறியின் முனைகள் இரண்டிலும் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்துக் கட்டி பிடித்திருந்தது. நான் ஸ்பானரைச் சிவப்பு முனையில் வைத்தேன். டொரீன் என் கையில் ஓங்கி அடித்தார். "கறுப்பை முதலில் கழற்று! இது முட்டினால் தீ பறக்கும்." கறுப்புக் கழன்றது. சிவப்பு முனையின் நட் அசையவில்லை. அழுத்தித் திருகினால் நொறுங்கிவிடும்போல இருந்தது. ஒன்பது பதினைந்து.

"கொதி தண்ணீர்!" என்றார் டொரீன்.

யோகம் எழுந்து உள்ளே போனாள். "நீர் இரும், பாரம் தூக்கப்படாது" என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை. கேத்திலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பனியில் அடியடியாக வந்தாள். ஒரு மிடறு தண்ணீருக்கு ஏங்குகிறவள் அந்தக் கேத்தில் முழுவதையும் இரும்பின்மேல் ஊற்றினாள். வெள்ளைக் கட்டி நுரைத்துக் கரைந்தது. நட் ஒரு சுற்றுச் சுற்றியது.

புதுப் பற்றறி சற்றுப் பெரிது. பிடித்து இறுக்கும் பட்டிக்குள் அடங்கவில்லை. துணி காயப்போடும் கயிற்றால் கட்டினோம். சிவப்பை முதலில் பூட்டினோம். கறுப்பைப் பூட்டப் போகும்போது டொரீன் என் தோளைத் தட்டி, தனியாக ஓடிய மெல்லிய வயரைக் காட்டினார். சாமி விளக்கின் வயர். "இதைத்தான் நான் மூன்று மாதத்துக்கு முன்பே சொன்னேன். இது உங்கள் பற்றறியைக் குடித்துவிட்டது. இது வேண்டாம்."

 சொன்னால் சிரிப்பீர்கள். மனைவியின் உயிர் நிமிடக் கணக்கில் போகிறது, நான் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"இஞ்சருங்கோ," என்றாள் யோகம், "அவர் இருட்டிலையும் இருப்பார். கழட்டுங்கோ."

கழற்றினேன். கறுப்பைப் பூட்டினேன். சாவியைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே திருப்பில் எஞ்சின் எழும்பியது. ஒன்பது முப்பத்தைந்து.

டொரீன் சுருட்டுக் கட்டைகளோடு சவளையும் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். கார் புதைந்தால் தள்ள ஆள் வேண்டும் என்றார். வழி முழுக்க எனக்கு அவர்தான் கண். "இரண்டாம் கியரில் போ. பிரேக்கை மிதிக்காதே. ஊர்ந்து போ." ஸ்ட்ராட்போர்டில் ஒருமுறை சக்கரம் சுழன்றது. அவர் இறங்கித் தோண்டினார், தள்ளினார், ஓடிவந்து ஏறினார். யோகம் வாய்க்குள் சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். மைல் எண்ட் ரோட்டில் வரும்போது டொரீனும் பின்னாலிருந்து தன் பாஷையில் யேசுவைக் கூப்பிடத் தொடங்கினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குழப்பவில்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம்.

பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு இன்னும் பல மணித்தியாலம் இருந்தோம். பொருந்தியது. ஆறாம் நாள் காலை தாதி ஒருவர் யோகத்திடம் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் கொடுத்து, "எவ்வளவும் குடிக்கலாம்" என்றார். அவள் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். நான் அழுதேன், பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். அந்தச் சிறுநீரகம் யாருடையது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பெப்ரவரியும் பெயர் தெரியாத அந்த ஆத்மாவுக்காக ஒரு விளக்கு ஏற்றுகிறோம்.

நான்கு குளிர்காலம் கடந்துவிட்டது. நான் இப்போது ஐப்பசியிலேயே பற்றறியைச் சோதிக்கக் கொடுக்கிறேன். முனைகளை அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் துடைத்து வாசலீன் பூசுகிறேன். முருகன் படம் அங்கேயே இருக்கிறது, பல்ப் இல்லாமல். அஷ்ட்ரேக்குள் கிடந்த அந்தத் தாளை எடுத்து நீவி, சாமி அறையில் படங்களோடு வைத்திருக்கிறேன். உங்கள் லைட் எரிகிறது, பற்றறி இறங்கிவிடும் என்றுதான் எழுதியிருந்தார். நான் அன்றைக்குக் கடைசி வரி வரை வாசிக்கவில்லை.

அன்பான அடியார்களே, கஷ்டம் வந்தால் அவனைக் கூப்பிடுங்கள். கட்டாயம் ஆளனுப்புவான். எனக்கு, நான் கேட்பதற்கு மூன்று மாதம் முந்தியே அனுப்பிவிட்டான். நான்தான் "ஆல்வேஸ்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். உங்கள் வாசலுக்கும் யாராவது வந்து ஏதாவது சொன்னால், தயவுசெய்து என்னவென்று ஒருமுறை கேளுங்கள்.

போன தைப்பூசத்துக்கு ஆர்ச்வேயில் வழக்கம்போல முதல் அர்ச்சனையை டொரீனின் பெயரில் செய்தோம். அவர் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு யோகத்துக்குப் பக்கத்தில் நின்றார். ஐயர் புதியவர். பெயரை இரண்டு முறை கேட்டுவிட்டு, "நட்சத்திரம்?" என்றார். நான் டொரீனைப் பார்த்தேன். அவருக்கு எங்கே தெரியும்?

யோகம் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"கார்த்திகை எண்டு சொல்லுங்கோ ஐயா," என்றாள். "முருகன்ர நட்சத்திரம்."