லேசாக வந்த கல்

ஊர்ப் பேருந்தை ஓட்டுகிற குனிஹிரோவுக்குக் கல்சாமி மேல் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. ரயில் நிலையத்தில் புறப்படும் அவருடைய வண்டி கோயில் வாசலில்தான் போய் நிற்கும். இத்தனை வருஷமும் ஆட்களை அங்கே இறக்கிவிட்டு, திரும்பும் நேரம் வரும்வரை ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்துக் குட்டித் தூக்கம் போட்டதோடு சரி.

அந்தக் கோயிலில் சிலை கிடையாது. வைக்கோல் கயிறு சுற்றிய பெரும்பாறைதான் சாமி. வேலி, கூரை, வாசல் வளைவு எல்லாம் அதைச் சுற்றிப் பிற்பாடு வந்தவை. பாறையின் காலடியில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் உருண்டைக் கல் இருக்கிறது. ஊரார் அதைக் குட்டி என்பார்கள். கை கழுவி, வாய் கொப்பளித்து, இரண்டு முறை கைதட்டி, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு குட்டியைத் தூக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிட லேசாக வந்தால் காரியம் நடக்கும். கனத்தால் நடக்காது. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், கல்யாணம் தள்ளிப்போகிற பெண்கள், கடை வைக்கப் போகிறவர்கள் எல்லோரும் வந்து தூக்கிப் பார்ப்பார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக் குனிஹிரோ சிரிப்பார். கல்லுக்கு என்ன தெரியும், இவர்கள் சாப்பிட்ட சோறுதான் தூக்குகிறது என்று முடிதிருத்தும் கமேதாவிடம் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்.

கேலி செய்ய என்ன குறைச்சல் அவருக்கு? வீட்டில் மகாராஜா. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவரே செல்லப் பிள்ளை. தன் காலுறை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமலே அறுபதைத் தாண்டிய மனிதர். 'டீ' என்றால் டீ வரும். 'குளியல்' என்றால் தொட்டியில் வெந்நீர் நிறைந்திருக்கும். எல்லாம் மனைவி ஹருயோவின் கைவேலை. அந்த அம்மாள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. யார் கேட்கிறார்கள்?

இலைகள் சிவக்கத் தொடங்கியபோது ஹருயோவுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. ஊறுகாய்க்கு முள்ளங்கியைத் தொட்டியில் உப்போடு அடுக்கி, அதை அமுக்கி வைக்கிற பாரக்கல்லை மேலே தூக்கி வைத்தவள் அப்படியே அடுக்களையில் சுருண்டு உட்கார்ந்தாள். வயிற்றில் கட்டி. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு உடம்பு தாங்கினால் அறுக்கலாம் என்றார் டாக்டர். தாங்காவிட்டால் என்று குனிஹிரோ கேட்கவில்லை. சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவளுக்கு மாற்று உடை வாங்கி வரச் சொன்னார்கள். அவர் வாங்கிப் போனது சிறுமிகளுக்கான அளவு. வீட்டில் சோற்றுப் பானையின் சுவிட்சை அழுத்தினார். தண்ணீர் ஊற்ற மறந்துபோனார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையில் மருந்து சொட்டுவதைப் பார்ப்பதைத் தவிர அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வாய்விட்டு அழவாவது தெரிந்ததா என்றால் அதுவும் தெரியாது.

ஒரு நாள் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, சீருடையோடு, வெள்ளைக் கையுறையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே போனார். ஹருயோ பிழைப்பாளா என்று கேட்டுக்கொண்டு குட்டியைத் தூக்கினார். அது முழங்கால் மட்டத்துக்குக்கூட வரவில்லை. ஒரே கேள்வியைச் சாமியிடம் இன்னொரு தரம் கேட்கக் கூடாது என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். மறுநாளே போய்க் கேட்டார். இன்னும் கனத்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். ஊறுகாய்த் தொட்டி மேலிருந்த பாரக்கல்லை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலில் வைத்து, காலையும் மாலையும் தூக்கிப் பழகத் தொடங்கினார். அடுத்த வீட்டுக் கமேதா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, இந்த வயசுல மல்யுத்தத்துக்குப் போறியா?"

குனிஹிரோ விஷயத்தைச் சொன்னார். கமேதாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அண்ணே, சாமியையே ஏமாத்தப் பாக்கிறியா?"

"நான் ஏன்டா ஏமாத்தறேன்? என் கைதான் சோப்ளாங்கி. ஸ்டீயரிங் பிடிச்ச கை. அதான் கனத்துச்சு. கை சரியானா கல்லு சரியாச் சொல்லும்."

கமேதா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

முதல் பனி விழுந்ததும் குனிஹிரோ மறுபடி போனார். குட்டி தலையணை மாதிரி மேலே வந்தது. கண்ணில் நீர் முட்ட நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி, கல் லேசாக வந்துவிட்டது என்று ஹருயோவிடம் சொன்னார். கல்லை நம்பாத மனுஷன் கல்லிடம் போனாரா என்று அவளுக்கு ஆச்சரியம். பிறகு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சந்தோஷம் அன்றைக்கு ஒரு நாள்தான். மறுநாள் மலைப்பாதைத் திருப்பத்தில் வண்டியைத் திருப்பும்போது ஒரு சந்தேகம் வந்தது. லேசானது கல்லா, தன் கை பலத்ததா? இதை இனி யாரிடம் போய்க் கேட்பது? தன் கையாலேயே சாமியின் வாயைப் பொத்திவிட்டோமே என்று நொந்துபோனார்.

புது வருஷத்துக்கு ஹருயோவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பண்டிகை முடிந்ததும் அறுவை சிகிச்சை. வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் முதலில் ஊறுகாய்த் தொட்டியைத்தான் திறந்தாள். குப்பென்று வீச்சம். பாரம் இல்லாத முள்ளங்கியெல்லாம் மிதந்து, பூசணம் பூத்துக் கிடந்தது. பின்வாசல் கதவைத் திறந்தாள். துண்டு சுற்றிய கல் அங்கே உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, தொட்டிக்கல்லு இங்க என்ன பண்ணுது?"

திருட்டு முழி முழித்துக்கொண்டு குனிஹிரோ எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஹருயோ சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் நேர்மையாக் கேக்கறேன்."

குளிர் என்றார், கூட்டம் என்றார், படி வழுக்கும் என்றார். எதுவும் எடுபடவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பேருந்தில் பயணியாக உட்கார்ந்து அவளைக் கூட்டிப்போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஹருயோ ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். கோட்டு அவள் மேல் ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. கையைக் கழுவினாள், கைதட்டினாள், வெகுநேரம் கண்மூடி நின்றாள். பின்பு குனிந்து இரண்டு கைகளாலும் குட்டியைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தாள். ஊகும். வரிசையில் பின்னால் நின்ற இளஞ்ஜோடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குனிஹிரோ பாய்ந்து அவள் தோளைப் பிடித்தார். "விடு, விடு. மருந்து உன் தெம்பையெல்லாம் உறிஞ்சிடுச்சு. இது கணக்குல வராது. ஆபரேஷன் நல்லபடியா முடியும், நீ பாரு."

ஹருயோ நிமிர்ந்து, கையில் ஒட்டிய ஈர மண்ணைத் தட்டினாள்.

"நான் ஆபரேஷனப் பத்திக் கேக்கவே இல்லைங்க."

"பின்ன?"

"நான் போயிட்டா, நீங்க தனியாச் சமாளிச்சுக்குவீங்களான்னு கேட்டேன்."

குனிஹிரோ கையைக் கழுவவில்லை. வணங்கவில்லை, கைதட்டவில்லை. சட்டென்று குனிந்து குட்டியை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பாரு. லேசாத்தான் இருக்கு. ஹருயோ, இங்க பாரு. லேசாத்தான் இருக்கு."

"பாத்தேன். கீழ வைங்க, இடுப்புப் பிடிச்சுக்கும். பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

அவர் வைக்கவில்லை. வைத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.