ஆடியில் பேசிய விலை

ரத்னா தவணைக்குச் சேலை விற்பவள். பென்னலூரிலிருந்து மண்ணூர் வரை அவள் மூட்டையை இறக்காத தெரு குறைவு. சேலையைப் பிரித்துப் போட்டதும் வாங்க வந்தவளின் கையைத்தான் பார்ப்பாள். முந்தானையைத் தடவிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டவள் சொன்ன விலையைக் கொடுப்பாள். தள்ளி வைத்துவிட்டு வேறு பேச்சு பேசுகிறவளிடம்தான் இறங்கிவர வேண்டியிருக்கும். விற்று விற்று அறிந்த இந்தப் பாடம் 1991இல், வீடு வாங்கப் போனபோது, அவளுக்குக் கைகொடுத்தது.

மண்ணூரில் யாக்கோபுவின் வீடு விலைக்கு வந்திருந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற அவர், பெரம்பூரில் இருக்கும் மகள் ஷாரோனிடம் போய்விட முடிவு செய்திருந்தார். தரகர் அப்பாவு சொன்ன விலை எழுபதாயிரம். ரத்னாவின் கணவர் கண்ணப்பன் கம்பெனியில் லேத் ஓட்டுபவர். அவருடைய கம்பெனிக் கடனும் இருவரின் சேமிப்பும் சேர்ந்தால் எழுபதாயிரம்தான் வரும். அதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் சேலை வியாபாரத்தின் முதலில்தான் கை வைக்க வேண்டும். முதல் போனால் மூட்டையும் போய்விடும்.

பங்குனியில் வீட்டைப் பார்க்கப் போனார்கள். போகும் வழியிலேயே ரத்னா சொல்லி வைத்தாள். "நல்லா கீதுன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க."

கண்ணப்பன் தலையாட்டினார். ஆனால் கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்து, "முருகர் படத்த இங்க மாட்டிடலாம், ரத்னா. சித்திரைக் கடைசில பால் காச்ச நாளு கூட பாத்து வெச்சிட்டோம்ல?" என்றார். அப்பாவு பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

மறு வாரம் விலை எண்பத்தைந்தாகிவிட்டது.

"வேற ஒரு பார்ட்டி கேக்குது, தங்கச்சி" என்றார் அப்பாவு. "ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனி வருதாம். அடுத்த வருசம் இந்த வூட்ட கண்ணால கூட பாக்க முடியாது."

"வரட்டும்ணா. வந்தப்புறம் அந்த வெலைய சொல்லு. வராத கம்பெனிக்கு நா இன்னாத்துக்கு துட்டு குடுக்கணும்?"

"அப்ப பால் எங்க காச்சுவ?"

"எங்க வூட்டு அடுப்புலதான் தெனமும் காச்சிக்கினு கீறேனே."

வீடு திரும்பியதும் முதல் வேலையாக, குறித்த நாளைக் கைவிட்டாள். சொல்லி வைத்திருந்த உறவினர் ஒவ்வொருவரிடமும் அவளே போய் வேண்டாமென்று சொன்னாள். "வூடு வாங்கப் போறோம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே" என்று கண்ணப்பனின் அக்கா கோவிந்தம்மா கேலி செய்தாள். கண்ணப்பனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ரத்னாவின் மூட்டை மட்டும் யாக்கோபுவின் தெருவுக்கு முன்பைவிட அடிக்கடி போய்வந்தது. கோடை மழை கொட்டிய ஒரு நாளில் யாக்கோபுவின் மனைவி மெர்சிக்குச் சேலை காட்டுகிற சாக்கில் உள்ளே உட்கார்ந்திருந்தாள். சமையலறையின் மேல்தளத்திலிருந்து குண்டானில் தண்ணீர் சொட்டியது. கத்திரி வெயிலில் கிணற்றை எட்டிப் பார்த்தாள், தண்ணீர் இருந்தது. நாலு வீடு தள்ளி, இதே அளவு வீட்டைத் தை மாதம் விற்றவர்களிடமே போய், கைக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டாள். அறுபத்தெட்டு என்றார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய் ஒழுகும் தளத்தைக் காட்டினாள். மூவாயிரம் ஆகும் என்றார்.

பிறகும் காத்திருந்தாள். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. அந்த வேறு பார்ட்டி வரவே இல்லை. ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வீடு பார்க்கப் போகமாட்டார்கள். தரகர்கள் டீக்கடையிலேயே பொழுதைக் கழிப்பார்கள். ரத்னா கண்ணப்பனையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கே போய் அப்பாவுவை எழுப்பினாள்.

"வாண்ணா. யாக்கோபு ஐயா வூட்டுக்குப் போலாம்."

"ஆடில யாராவது வூடு பேசுவாங்களா?"

"அவுங்களுக்கு ஏது ஆடி? நீ வந்தா உன் கமிஷன் உனக்கு. வரலைன்னா நானே பேசிக்கிறேன்."

யாக்கோபுவின் வீட்டில் பெட்டிகள் கட்டி முடிந்து, கூடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பாவுவைப் பார்த்ததுமே மெர்சிக்குக் கோபம் வந்தது. "ஏத்திக் கேளுங்க, ஏத்திக் கேளுங்கன்னு இவருதான் சொன்னாரு. மூணு மாசமா பெட்டி மேலதான் குந்திக்கினு கீறோம்." அப்பாவு கூரையைப் பார்த்தார்.

ரத்னா குரலை உயர்த்தவில்லை. தெருவில் விற்ற விலையைச் சொன்னாள். தளத்துக்கான செலவைச் சொன்னாள். "ஐயா, அறுவத்தஞ்சு. இன்னும் கொறச்சிக் கேக்கலாம்னு எனக்கும் தெரியும். உங்க கெணறு கோடைலயும் வத்தல, அதனால கேக்க மாட்டேன்."

யாக்கோபு மனைவியைப் பார்த்தார். "மொத்தமா குடுப்பியாம்மா?"

"ஆவணி பொறந்ததும் ரிஜிஸ்டர் அன்னிக்கு மொத்தமா. அச்சாரம் இப்பவே."

"ஆடில அச்சாரமா?" கண்ணப்பன் அவள் காதருகே பதறினார். "அக்கா உசுர எடுத்துடும்."

"சித்திரைல நல்ல நாளு பாத்தீங்க, பதினஞ்சாயிரம் ஏறிச்சி. இந்த மாசம் எறங்குதே, இது நல்ல நாளு இல்லியா?"

மெர்சி வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணப்பன் தன் கையாலேயே அச்சாரத்தை எடுத்துக் கொடுத்தார். அப்பாவுவுக்கான கமிஷனைப் பேசியபடியே கொடுக்க வேண்டும் என்பதில் ரத்னா கண்டிப்பாக இருந்தாள். அவர் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார்.

ஆவணியில் பத்திரம் பதிவாயிற்று. மிச்சப் பணத்தில் தளத்தைச் சரிசெய்தார்கள். பால் பொங்கிய காலையில் கோவிந்தம்மாதான் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று, கிணற்று நீரைக் குடித்துப் பார்த்து, "தேவலாம்" என்றாள்.

விருந்தாளிகள் போனபின் கண்ணப்பன் முருகர் படத்தை மார்போடு அணைத்தபடி கிழக்குச் சுவருக்கு முன்னால் தயங்கி நின்றார்.

"ரத்னா, இப்ப ஆசப்படலாமா?"

அவள் ஆணியையும் சுத்தியலையும் அவரிடம் நீட்டினாள். பிறகு சேலை மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தவணை வசூலுக்குத் தெருவில் இறங்கினாள்.