வாடைக்காற்றில் ஓடிய லிப்ட்

துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் உயரமான ஹோட்டலொன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். அங்கே இரண்டு லிப்ட். ஒன்று விருந்தினருக்கு, மற்றது எங்களுக்கு. வாடைக்காற்று பலமாக வீசினால் கட்டடம் கண்ணுக்குத் தெரியாமல் ஆடும். லிப்டைத் தாங்கும் நீளமான கம்பிக் கயிறுகளும் கூடவே ஆடும். இரண்டு ஆட்டமும் ஒத்துப்போய்விட்டால் கயிறு பெரிதாக வீசிச் சுவரில் அடிக்கும். எங்கேயாவது கொழுவிச் சிக்கியும் விடும். கொழும்பிலிருந்து வந்த மெக்கானிக் என் மேசைக்கு முன்னால் நின்றுதான் மனேஜரிடம் சொன்னார்: "காத்து கூடினா ரெண்டையும் நிப்பாட்டுங்கோ, சேர்."

மனேஜர் நிறுத்தியது விருந்தினருடையதை மட்டும். "சாப்பாடு, துணியெல்லாம் மேல போக வேணுமே" என்றார். 

மார்கழியில் ஒரு மத்தியானம் எங்கள் லிப்ட் நடுவழியில் நின்றது. உள்ளே அறை துப்பரவு செய்யும் தம்பலகாமத்துப் பிள்ளை, நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. லிப்ட் போனில் எனக்கு எடுத்தாள்.

"அக்கா, மேல கயிறு படார் படாரெண்டு அடிக்குது. பெட்டி குலுங்குது. எனக்கு மூச்சு விட ஏலாமக் கிடக்கு."

"பயப்படாத. நான் போனை வைக்க மாட்டன்."

மனேஜர் வந்தார். "ஆரும் கேட்டா கரண்ட் போயிட்டெண்டு சொல்லுங்கோ."

அவர் தலைக்கு மேலே எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

ஒருவழியாக அவளை வெளியே எடுத்தார்கள். வெளியே வந்ததும் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காற்று அடங்கவில்லை. அதற்குள் மனேஜர் சாப்பாட்டு வண்டியை அதே லிப்டில் ஏற்றச் சொன்னார். நான் உட்காரும் கதிரையை இழுத்துக்கொண்டுபோய் லிப்ட் கதவுக்குக் குறுக்கே போட்டேன்.

"கதிரைய எடுங்கோ."

"ஏலாது சேர். முதல்ல நீங்கள் ஏறி மேல போயிட்டு வாங்கோ. பிறகு எடுக்கிறன்."

அவர் ஏறவில்லை. விருந்தினர் சிலர் கூடிவிட்டார்கள். என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டார். கரண்ட் போகவில்லை என்பதிலிருந்து எல்லாவற்றையும் உரத்த குரலில் சொன்னேன். கடைசியில் மனேஜர் எங்கள் லிப்டையும் நிறுத்தச் சொன்னார். சாப்பாடு படிவழியே போனது.

அந்த மாதக் கடைசியில் என்னை இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவளுக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. இப்போது நான் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். அண்மையில் மனேஜர் அங்கே வந்து, "சுகமா தங்கச்சி?" என்று சிரித்தார். மருந்தைக் கொடுத்தேன். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.