நாலாம் பாகம் மெதுவாகத்தான் போகிறது

லிப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதருக்கு மாயமந்திரப் படங்கள் என்றாலே ஆகாது. மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் நச்சரிப்புத் தாங்காமல் முதல் பாகத்துக்குக் கூட்டிப்போனார். பாதிப் படத்துக்குமேல் தூங்கிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள்தான் முழுக்கதையையும் சொன்னாள்.

"கடைசியில ஒரு கோழி நெருப்பு கக்கிச்சே, அது எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"அப்பா, அது கோழி இல்ல!" என்று அவள் போட்ட கத்தலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

அது நெருப்புப் பறவை. அதன்மேல் ஏறிப் பறக்கும் பெண்ணின் கதைதான் எல்லாப் பாகங்களும். இரண்டாம் பாகம் வந்தபோது மகளுக்குப் பதினான்கு. அதற்கும் கூடப் போனார், அதிலும் தூங்கினார். மூன்றாம் பாகம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, பத்தொன்பது வயதில், மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

பெரிய காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. அவள் படம் வரையப் படிக்க வேண்டும் என்றாள். அவர் கூடாது என்றார். பேச்சு தடித்தது. "என் பேச்சைக் கேக்க முடியாதுன்னா வாசல் திறந்துதான் இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்தபோது அவள் அலமாரியில் வெறும் ஹேங்கர்கள்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாரம் கழித்து அம்மாவுக்குப் போன் வந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன். தேடாதீங்க." அதற்குப் பிறகு அந்த எண் உயிரோடு இல்லை.

அவர் தேடினார். தேடுகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் தேடினார். அவர் வேலைக்கு அது தோதாகவும் இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு கட்டடங்கள். லிப்ட் கதவு திறந்து மூடும் அந்த நான்கு விநாடியில் உள்ளே நிற்கும் முகங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்துவிடுவார். கதவு பாதி மூடும்போது உள்ளே அவள் நிற்பதுபோல இருக்கும். மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடி அடுத்த தளத்தில் போய் நிற்பார். வேறு யாரோ ஒரு பெண் அவரைத் தாண்டிக்கொண்டு போவாள். மூன்று வருடத்தில் இது எத்தனை முறை என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை யாருமே இல்லாத லிப்ட் ஒன்று எட்டாவது மாடியில் தானாக வந்து நின்று கதவைத் திறந்தது. பழுது என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் சிறிது நேரம் கருவியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் பாகம் வந்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. உலகத்தில் எங்கே இருந்தாலும் அவள் இந்தப் படத்துக்கு வராமல் இருக்கமாட்டாள். முதல் நாள் முதல் காட்சிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை, தலைகளைப் பார்த்தார். ஆனால் அந்தப் படம் பேய் வேகம். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. விளக்குப் போட்டதும் கூட்டம் மொத்தமாகத் திபுதிபுவென்று இறங்கிவிட்டது. மறுநாளும் போனார். பதினோரு முறை போனார். அவள் அகப்படவில்லை, கதை அகப்பட்டது. பறவை அடிபட்டுப் பனியில் விழுவதோடு படம் முடிந்திருந்தது. அது பிழைக்குமா என்று இந்த மனிதர் மூன்று வருடம் கவலைப்பட்டார் என்றால் அவரோடு வேலை பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்.

நாலாம் பாகம் வந்தது. காலைக் காட்சி, கடைசி வரிசை.

படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. நான்கு பேர் பனிவெளியில் நடந்தார்கள். நின்றார்கள். கூடாரம் போட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் நடந்தார்கள். பறவை ஒரே ஒருமுறை, அதுவும் நிழலாகத்தான் வந்தது. முக்கால் மணி நேரத்தில் முன்வரிசையில் கொட்டாவிச் சத்தம் கேட்டது. யாரோ, "தம்பி, கொஞ்சம் ஓட்டிவிடுப்பா!" என்று கத்த, அரங்கமே சிரித்தது. இடைவேளையில் பாதிப் பேர் கிளம்பினார்கள். அவர் வாசலில் நின்று போகிற முகத்தையெல்லாம் பார்த்தார். திரும்பி வந்து, இருக்கிற தலைகளையும் பார்த்தார். அவள் இல்லை.

அவருக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. மூன்று வருடம் காத்திருந்தவனை ஏமாற்றிவிட்டார்கள். இப்படி ஒரு படம் என்று முன்பே தெரிந்துதான் அவள் வராமல் இருந்திருப்பாள்.

வீட்டில் மனைவி மேஜைமேல் அச்சுத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். சிவப்புப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"படம் எப்படி?"

"மெதுவா போகுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் கேட்டதும் அவர் சொன்னதும் படத்தைப் பற்றி இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில், ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, அந்தப் பட ரசிகர்கள் எழுதும் இணையப் பக்கத்தில் ஒற்றை விரலால் தட்டினார். பெயர் கேட்டதற்கு, கையைப் பார்த்துவிட்டு 'எண்ணெய்க்கை' என்று போட்டார். "இது படமா, நடைப்பயிற்சியா? அந்தக் கோழியையாவது கண்ணில் காட்டியிருக்கலாம்" என்று எழுதினார்.

அரை மணி நேரத்தில் 'சாம்பல் இறகு' என்ற பெயரில் பதில் வந்தது.

"அது கோழி இல்லை. தூங்கிக்கிட்டே பார்த்தா எந்தப் படமும் மெதுவாத்தான் இருக்கும்."

மோட்டார் ஓடி நின்றதும் அந்த அறையில் ஓர் அமைதி வரும். அந்த அமைதியில் அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தார். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியதுதான். ஆனாலும் அவர் காதில் அது ஒரே ஒரு குரலில்தான் கேட்டது.

நீ யார் என்று கேட்கவில்லை. கேட்டால் அந்த எண்ணைப்போல இந்தப் பெயரும் செத்துப்போய்விடும் என்ற பயம். அதனால் சண்டை போட்டார். படம் மெதுவாகப் போகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்வரை, இல்லை என்று சொல்ல அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கும். சண்டைக்குச் சரக்கு வேண்டும் என்பதற்காகவே படத்தை மறுபடியும் பார்த்தார். "ஏழு நிமிஷம் ஒருத்தரும் வாயே திறக்கலை, கடிகாரத்துல பாத்தேன்" என்று எழுதினார். "ஐந்தரை. கடிகாரத்தை லிப்ட்காரன்கிட்ட குடுத்து ரிப்பேர் பண்ணுங்க" என்று பதில் வந்தது. தன் தொழிலை அங்கே எழுதியதே இல்லை என்றுதான் அவர் நினைத்தார். எழுதினோமோ என்று பழையதையெல்லாம் தேடினார். மூன்றாம் நாளே எழுதியிருந்தார். மறந்துவிட்டிருந்தார்.

ஒருநாள் சாம்பல் இறகு நீளமாக எழுதியது. "அவங்க நாலு பேரும் ஒருத்தரைத் தொலைச்சிட்டு நடக்குறாங்க. வேகமா நடந்தா தொலைச்ச இடத்தை விட்டு விலகிப் போயிடுவோம்னு பயம். மண்ணிக்கவும், இது உங்களுக்குப் புரியாது."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று பிற்பகல் அழைப்பு வந்த இரண்டு கட்டடங்களுக்கும் அவர் போகவில்லை.

நான்கு வாரம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மனைவியிடம் போனை நீட்டினார்.

"கொஞ்சம் படிச்சுப் பாரு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். காபி ஆறியது. படிக்கப் படிக்க அவள் முகம் முதலில் மலர்ந்தது. அதை அவர் பார்த்தார். பிறகு ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது. இன்னும் கொஞ்சம் போய் மறுபடியும் நின்றது.

"இது அவ இல்லங்க" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"மன்னிப்புக்கு மூணு சுழி போட்டிருக்கு. ஒரு தடவை இல்ல, எல்லா இடத்துலயும். ஏழு வயசுல கடைப் பலகையில இருக்கிற தப்பைக் காட்டிச் சிரிச்ச பொண்ணு அவ. செத்தாலும் இப்படி எழுதமாட்டா."

சொன்ன வார்த்தை அவளுக்கே உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

"தெரிஞ்சுது. போன்ல எழுதினா அப்படி விழுந்துடும்னு நெனச்சுக்கிட்டேன்."

ஒன்பது நாள் அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் பார்த்தால் மூன்று செய்திகள் காத்திருந்தன. "எங்கே ஆளைக் காணோம்?" "தோத்துட்டீங்களா?" "உடம்பு சரியில்லையா?" மூன்றாவதைப் பார்த்ததும் அவர் உண்மையை எழுதினார். என் மகள் என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் எழுதிக்கொண்டிருந்தேன் என்றார்.

இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு வந்தது.

"எனக்கு அறுபத்திரண்டு வயசு. பல் செட் செய்யறவன், இப்ப ரிட்டயர்டு. நீங்க ஏதோ காலேஜ் பையன், வேலை வெட்டி இல்லாம வம்பு இழுக்கிறான்னு நெனச்சேன். மண்ணிக்கவும். ஒண்ணு கேக்கட்டுமா? உங்க பொண்ணுக்கு இந்தப் படம் பிடிச்சிருக்குமா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். பிறகு பழைய எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைக்கப் போய்க் கண் எரிந்து, அதுவே நல்ல சாக்காகிவிட்டது.

கேள்விக்கு விடை தெரியாததால் மனைவியைக் கேட்டார்.

"பிடிச்சிருக்காது" என்றாள் அவள். "அவளுக்கு ஏது பொறுமை?"

"அது பத்தொன்பது வயசுல. இப்ப இருபத்திரெண்டு."

"இருபத்திரெண்டுல மட்டும் பொறுமை வந்துடுமா?"

"தனியா இருக்கிறவளுக்கு வந்திருக்கும்."

மகளைப் பற்றி அந்த வீட்டில் இப்படி வாய்விட்டுப் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. அன்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அவள் எதை ரசிப்பாள், எதற்கு முகம் சுளிப்பாள், முடியை வெட்டியிருப்பாளா. பேச்சு நின்றபோது பக்கத்து அறையில் யாரோ கேட்டுக்கொண்டிருந்ததுபோல இருவரும் ஒரே நேரத்தில் அந்தக் கதவைப் பார்த்தார்கள்.

படம் ஒரே ஒரு சின்னத் திரையரங்கில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் வெள்ளிக்கிழமையோடு சரி. வியாழக்கிழமை மனைவி அரைநாள் விடுப்பு எடுத்தாள். மதியக் காட்சிக்கு மொத்தம் ஒன்பது பேர். விளக்கணைந்ததும் அவர் வழக்கம்போல முன்னால் இருந்த தலைகளைப் பார்க்கத் தொடங்கினார். மனைவி அவர் கையைத் தொட்டு, "நீங்க படத்தைப் பாருங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் படத்தைப் பார்த்தார். மெதுவாகத்தான் போனது. தாங்கமுடியாத அளவு மெதுவாக. நான்கு பேரும் பனியில் கால் புதையப் புதைய நடந்தார்கள், பின்னால் தடம் மூடிக்கொண்டே வந்தது. மனைவி ஒருமுறை அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தலையைத் திருப்பியிருந்தாள். திரை வெளிச்சம் முகத்தில் பட்டதும் பிடி தளர்ந்தது.

மறுநாள் சாம்பல் இறகிடமிருந்து செய்தி வந்தது. ஐந்தாம் பாகம் எடுக்கப்போகிறார்களாம், வெளிவர மூன்று வருடமாவது ஆகுமாம்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஒரு வரியை அடித்தாள், ஓரத்தில் திருத்தி எழுதினாள்.

"அப்போ அவளுக்கு இருபத்தஞ்சு ஆகியிருக்கும்" என்றாள்.