உண்ணிப்புதருக்குள் போன என் குரல்

உண்ணிச்செடியை வெட்டும்போது ஒரு வாசனை வரும். மண்ணெண்ணெயும் எலுமிச்சையும் கலந்த மாதிரி... சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. சாயங்காலம் ஈஜிபுராவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

டிகிரி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. எங்கள் வீட்டிலேயே முதல் டிகிரி. வெளிநாட்டிலிருந்து அழகுக்காக வந்து, இப்போது வயல்களை விழுங்கும் இந்தச் செடிகளை அகற்றுகிற ஒரு நிறுவனத்தில்.

நாங்கள் வெட்டப்போன மஞ்சுளாக்காவின் நிலம் அத்திபெலே தாண்டி, ஏரியை ஒட்டி இருந்தது. பாதிக்கு மேல் புதர். ராகி விதைக்க இடமில்லை என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, மகள் காவ்யா. காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க, விடிந்தும் விடியாமலும் அந்தப் புதரை உரசிக்கொண்டுதான் அவள் நடக்கவேண்டும்.

அவர்கள் வளர்த்த நாய் அந்தப் பக்கம் போய்த் திரும்பவே இல்லை. சிறுத்தையாக இருக்கும் என்றார்கள் சிலர். மஞ்சுளாக்கா எந்தப் பெயரும் சொல்லமாட்டார். ‘அது’ என்பார். அவ்வளவுதான்.

வெட்டுவதற்கு முந்தின நாள் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரிப் பக்கமாகப் புதரில் ஒரு சந்து திறந்துவிடுவார்கள். பிறகு, உள்ளே இருப்பதற்குச் சத்தமாகச் சொல்லவேண்டும், நாளைக்கு வருகிறோம் என்று.

அதைச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆபீஸில் யாராவது பெயர் கேட்டாலே எனக்குக் குரல் எழும்பாது. நீங்களே சொல்லுங்களேன் அக்கா என்றேன்.

“நாங்க எப்டி பாப்பா சொல்றது? நாளைக்கும் இந்த வழியில நடக்கப்போறது நாங்கதானே. எங்க கொரலு அதுக்குத் தெரிய வேணாம். நீ பஸ் ஏறிப் போயிருவ.”

முணுமுணுத்தேன். வெட்ட வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “இதுக்குக் கொசு கூட எந்திரிக்காது ஆபீஸ் பாப்பா,” என்றாள் ஒருத்தி, அதையும் கிசுகிசுப்பாக.

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். “நாளைக்கு வெட்ட வர்றோம். ஏரிப் பக்கம் வழி இருக்கு. போயிடு.”

அது என் குரல் மாதிரியே இல்லை.

பூச்சிகளின் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல... ரொம்ப நேரம்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தோம். வேரை மண்ணுக்குக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மறுபடி துளிர்க்கும். மதியத்துக்குள் வெட்டிய இடம் முழுக்க வேர்கள் வானத்தைப் பார்த்து நின்றன. தலைமுடி குத்திட்டு நிற்கிற மனிதர்கள் போல.

மீதிப் புதரின் நடுவில் ஒரு குழிவு. வெயில் நுழையாத இடம். தரை பெருக்கி வைத்தது போல வழவழப்பாக இருந்தது. ஓரத்தில் நாயின் கழுத்துப்பட்டி... காவ்யா தன் பழைய ஸ்கூல் டையை வெட்டித் தைத்தது.

மஞ்சுளாக்கா குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். என் கையையும் பிடித்து வைத்தார்.

சூடாக இருந்தது.

நேற்று அது போகவில்லை. நாங்கள் பக்கத்தில் வரும்வரை இங்கேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. திறந்துவிட்ட சந்தில், மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

பின்னால் வந்த காவ்யா பட்டியைப் பார்த்துவிட்டாள். அம்மா என்று கூப்பிட வாய் திறந்தாள். மஞ்சுளாக்கா ஒரே தாவலில் அவள் வாயைப் பொத்தினார். அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கையை எடுக்கவே இல்லை.

அதன்பிறகு சாயங்காலம் வரை யாரும் பேசவில்லை. மண்வெட்டிச் சத்தம் மட்டும்.

இப்போது அங்கே ராகி நிற்கிறது. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் வரை தெரிகிறதாம். துளிர் தலைகாட்டினால் உடனே பிடுங்கிவிடுகிறார்கள். வழியெல்லாம் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்கிறேன் என்று காவ்யா மெசேஜ் அனுப்பினாள். அதைப் பல தடவை படித்தேன்.

நான் வேலை மாறிவிட்டேன். கண்ணாடிக் கட்டிடம், ஏசி. மீட்டிங்கில் இன்னும் வாய் திறப்பதில்லை. அன்று கத்தியவள் எங்கே போனாளோ... சில நாள் அவளைத் தேடுகிறேன்.

எங்கள் தெருமுனைக் காலி சைட்டிலும் உண்ணிச்செடி வந்திருக்கிறது. மஞ்சளும் ரோஸுமாகப் பூ. ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. அதைத் தாண்டும்வரை நான் போன் எடுப்பதில்லை.

போன வாரம் மறந்துபோய், “ஹலோ” என்றுவிட்டேன்.

புதருக்குள் கத்திக்கொண்டிருந்த பூச்சிகளின் சத்தம் சட்டென்று நின்றது.