விளக்குச் சிப்பியைத் திறந்தவள்

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் சிப்பி திறக்கும் வேலை அவளுக்கு. இருபத்திரண்டு வருடங்களாக அதே ஸ்டூல், அதே நுண்ணோக்கி, மூக்கை அரிக்கும் அதே வெளுப்புத் திரவம். ஊசி முனையால் சதையை அகற்றி, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வளையத்தைச் சேதமில்லாமல் வெளியே காட்ட வேண்டும். தலைமுடி கனம்தான் இருக்கும் அந்த வளையம். அதன் அமைப்பை வைத்துத்தான் சிப்பி எந்தப் பேரினம் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

அச்சில் தன் பெயர் ஒருமுறையாவது வர வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். அவள் திறந்த சிப்பிகளை ஆராயும் பேராசிரியரின் கட்டுரைகள் ஒவ்வொன்றிலும் கடைசியில் நன்றிப் பட்டியல் உண்டு. கப்பல் கேப்டனுக்கு நன்றி, படம் எடுத்தவருக்கு நன்றி, பொறுமை காத்த மனைவிக்கு நன்றி. அந்த அம்மாள் பொறுமை காத்ததை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சிப்பியைத் திறந்தவளுக்கு மட்டும் ஒரு எழுத்துகூட மிஞ்சாது.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். கட்டுரையின் மொழி அவருக்கு எழுத்துக்கூட்ட மட்டும்தான் வரும். அதை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பட்டியலிலும் விரலை ஓட்டுவார்.

"எங்கடி உன் பேரு? அங்க நிஜமாவே வேலை பாக்குறியா, இல்ல பெருக்கிட்டு வர்றியா?"

அந்தச் சிரிப்பில் விளையாட்டு துளியும் இருக்காது.

அவள் சேர்ந்த இரண்டாம் வருடம் அந்த விளக்குச் சிப்பி வந்தது. பார்வைக்கு மட்டிபோல இருக்கும், மட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அதுவரை குஞ்சுகளை மட்டுமே பார்த்து அதை ஒரு பேரினத்தில் வைத்திருந்தார்கள். குஞ்சுகளில் இரண்டு சின்னப் பட்டைகள் வளையத்தை ஓட்டோடு பிடித்திருக்கும். முழுதாக வளர்ந்தது கிடைத்தது அதுவே முதல்முறை, அதுவும் ஒன்றே ஒன்று. பேராசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தூக்கு, தூக்கு" என்று தோளுக்குப் பின்னால் நின்று விரட்டினார். சதை திரவத்தில் ஊறி முடிவதற்குள் வளையத்தைத் தூக்கினாள். பட்டைகள் ஒடிந்தன.

"சார், ரெண்டும் ஒடிஞ்சிருச்சு" என்றாள், அந்த நிமிடமே.

அவர் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "எது ஒடிஞ்சுது? இது வளர்ந்தா பட்டையே இருக்காது. புதுப் பேரினம்மா இது." ஒடிந்த துண்டுகளைத் தன் கையாலேயே தொட்டியில் கழுவி வடிகாலில் ஓடவிட்டார். "உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகலேல்ல?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். புதுப் பேரினம் பிறந்தது. அவருக்கு விருதும் பதவியும் தேடி வந்தன.

இருபது வருடம் கழித்து வேறு கப்பலில் வளர்ந்த சிப்பிகள் நிறையக் கிடைத்தன. திறக்காமலே ஸ்கேன் எடுத்தார்கள். அத்தனையிலும் பட்டைகள் இருந்தன. மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. சிப்பி பழைய பேரினத்துக்கே திரும்பியது. பேராசிரியர் அசரவில்லை, திருத்தக் கட்டுரையைத் தானே எழுதினார். எழுதி முடித்து அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் பேரைப் போட்டிருக்கேம்மா. ரொம்ப நாள் ஆசையாமே?"

வீட்டில் புருஷன்தான் முதலில் கண்டுபிடித்தார். "அடியே, இந்தா இருக்கு! இனிஷியலோட போட்டிருக்கான்!" கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் முகத்தில் இப்படி ஒரு பெருமையை அவள் பார்த்ததில்லை. "படி, படி. என்ன எழுதியிருக்கான்?"

அவள் படித்துச் சொன்னாள். திறந்த பணியாளரின் கவனக்குறைவால் பட்டைகள் ஒடிந்தன, அதை அவர் யாரிடமும் தெரிவிக்கவில்லை.

அவர் முகம் சுருங்கியது. அவள் நடந்ததை முதல்முறையாக அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லிட்டேங்க. அவர்கிட்டயே சொன்னேன்."

"அப்புறம் ஏன்டி சொல்லலைன்னு அச்சுல இருக்கு?"

தான் சொன்னால் நம்பாதவர் அச்சில் வந்தால் நம்புவார் என்றுதான் அவள் இத்தனை வருடம் காத்திருந்தாள். நம்பிவிட்டார்.